வாயை மட்டும் அசை

அப்பா இறந்து ஒரு வருசம் ஆனதற்குச் சர்ச்சில் வைத்த பூசையில் பாடகர் குழுக்காரர் ஆர்மோனியத்தின் துருத்தியை அழுத்தினார். பாட்டு வருமுன் வரும் அந்த மூச்சுச் சத்தம் கேட்டதும் நான் தானாக விறைப்பாக நின்றேன்.

மில்லர்புரம் வீட்டில் தினமும் செபமாலைக்கு முன் அதே சத்தம்தான். பட்டாளத்திலிருந்து வந்து துறைமுகத்தில் செக்யூரிட்டி வேலை பார்த்த அப்பா, என்னையும் தம்பியையும் அம்மாவையும் சுவரோரம் விறைப்பாக நிற்க வைத்துவிட்டு ஆர்மோனியம் வாசிப்பார். யாராவது சுருதி விலகினால் அவருடைய வலது கை உயரும். உடனே வாயை மூடிவிட்டு முதலிலிருந்து பாட வேண்டும். அடுப்படியில் மீன்குழம்பு ஆறிக் கிடக்கும்.

ஒருநாள் அம்மாவிடம் சொன்னார்: "ஏளா, உன் தொண்டையை சாமியே தாங்க மாட்டாரு. இனி வாயை மட்டும் அசை."

அம்மா அப்படியே செய்தாள். அவர் வேலைக்குப் போன பிறகு, மீன் கழுவிக்கொண்டே கோணல்மாணலாக, சந்தோசமாகப் பாடுவாள். வாசலில் சைக்கிள் ஸ்டாண்டு போடும் சத்தம் கேட்டால் பாதி வரியில் நிறுத்திவிடுவாள்.

பூசையில் சாமியார் அப்பாவைப் புகழ்ந்து தள்ளினார். பக்திமானாம், நாட்டைக் காத்தவராம், குடும்பத்தையே பாட வைத்தவராம்! எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

பாட்டு தொடங்கியது. பக்கத்தில் அம்மாவின் உதடுகள் அசைந்தன. காதைக் கொண்டுபோய் வைத்தேன். சத்தமே இல்லை.

"அதான் அவர் போய்ட்டாருல்லா, சத்தமாப் பாடும்மா."

அம்மா பீடத்தருகே மாலை போட்டு வைத்திருந்த போட்டோவை ஓரக்கண்ணால் பார்த்தாள். பட்டாள உடுப்பில் சல்யூட் அடித்தபடி அப்பா நின்றார். வலது கை இன்னும் இறங்கவில்லை.