மூன்று நாள் முன்னதாகப் போட்ட உப்பு

போன வருஷம், 1986 ஜூலையில், சங்கரன்கோவில் போனேன். புளியங்குடி சாலையில் ஊருக்கு ஆறு கிலோமீட்டர் வெளியே ஒரு கல்லூரி. அங்கே டிஜிட்டல் சிக்னல் ஆய்வகம் அமைத்துக் கொடுப்பது என் வேலை. ஒலி அலையை எண்களாக்கி, கம்ப்யூட்டரில் இரைச்சலைச் சலித்தெடுக்கும் முதுகலைப் பாடம். எட்டு மாணவர்கள் சேர்ந்துவிட்டார்கள். வெள்ளிக்கிழமை பத்து மணிக்குப் பல்கலைக்கழகக் குழு வரும். அவர்களுக்குத் திருப்தி இல்லையென்றால் வகுப்பு கிடையாது, எட்டுப் பேருக்கும் ஒரு வருஷம் வீண். நான் போனது வியாழன்.

மதுரையில் காலை 5.40க்குப் பஸ் ஏறினேன். கண்டக்டர் என் மடியைப் பார்த்தார்.

“பெட்டிய மேல போடுங்க சார்.”

“மாட்டேன். குலுங்கினா போச்சு.”

“உள்ள என்ன, கோழிமுட்டையா?”

“கம்ப்யூட்டர் கார்டு.”

“அப்ப அதுக்கும் ஒரு டிக்கெட்டு.”

இரண்டும் சேர்த்து இருபத்திரண்டு ரூபாய். 9.35க்கு இறங்கினேன். டவுன் பஸ்ஸில் கல்லூரிக்கு இருபது நிமிஷம்.

பதினொரு மணிக்கு முதல் கார்டைச் செருகினேன். அலைகாட்டியில் கோடு சுத்தமாக வரவில்லை; கம்பளிப்பூச்சி மாதிரி மயிர் முளைத்துக் கிடந்தது. கம்ப்யூட்டர் இரண்டு தடவை உறைந்தது. கார்டை மாற்றினேன், ஒயரை மாற்றினேன். விரிவுரையாளர் சண்முகவடிவிடம், “வயரிங் யார் பண்ணது?” என்று எரிந்து விழுந்தேன். “நீங்க அனுப்புன படத்தப் பாத்துதான் சார்” என்றார். இரண்டு வருஷம் அலைந்து இந்த வகுப்பைக் கொண்டுவந்தவர் அவர்.

கம்ப்யூட்டர் பெட்டியைத் தொட்டால் சுரீரென்றது. எர்த் இல்லை. கட்டடத்தின் பின்பக்கம் அதற்கான குழி இருந்தது, குழாயும் இருந்தது. சுற்றிலும் வறண்ட மண். அந்தக் கரிசலில் குழாயைச் சுற்றி உப்பும் கரியும் கொட்டி, பல நாள் தண்ணீர் ஊற்றினால்தான் ஈரம் நிற்கும், கசிகிற மின்சாரம் பூமிக்குள் இறங்கும். முன்கூட்டியே கல்லூரிக்கு அனுப்பிய கடிதத்தில் எழுதியிருந்தேனே. ஸ்டோர்கீப்பர் சுடலைமுத்துவைக் கூப்பிட்டேன்.

“உப்பு எங்க அண்ணாச்சி?”

“போட்டாச்சுல்லா சார். கோயில்ல.”

“கோயில்லயா?”

“நீங்கதான மூணு நாளைக்கு முன்னாலயே போடச் சொல்லி எழுதியிருந்தீய. மிளகு எழுத மறந்துட்டீயன்னு நானே வாங்கிச் சேத்துப் போட்டேன்.”

“கரி?”

“அது எதுக்குன்னு வெளங்கல. ஹாஸ்டல் அடுப்புக்குக் குடுத்தாச்சு.”

வேண்டிக்கொண்டு கோயிலில் உப்பும் மிளகும் போடுவது அங்கே வழக்கம். எனக்குத் தெரியாது. அவரைத் திட்டினேன். தாறுமாறாகத் திட்டினேன்.

“நிதானமாப் பேசுங்க சார். பிள்ளைய படிக்கணும்னுதான் அம்புட்டு மூடையையும் சைக்கிள்ல வச்சுத் தள்ளிட்டுப் போனேன்.”

கடிதத்தை வாங்கிப் பார்த்தேன். ‘உப்பு 40 கிலோ, கரி 40 கிலோ. மூன்று நாள் முன்னதாகவே போட்டுவிடவும்.’ அவ்வளவுதான். எங்கே, எதற்கு என்று ஒரு வார்த்தை இல்லை.

மூன்று மணிக்குள் கடைவீதியிலிருந்து உப்பும் கரியும் வந்துவிட்டன. சுடலைமுத்துவே குழியில் இறங்கித் தோண்டினார். பிள்ளைகள் குடம் குடமாய் ஊற்றினார்கள். மண் குடித்துக்கொண்டே இருந்தது.

வெள்ளிக்கிழமை கோடு கொஞ்சம் தெளிந்திருந்தது. குழுவின் முன்னால் ஒரு மாணவி நிரலை ஓட்டினாள். பாதியில் கம்ப்யூட்டர் உறைந்தது. குழுத் தலைவர் எர்த்தை அளந்து பார்த்தார். ‘மின் பாதுகாப்பு போதாது. அடுத்த ஆண்டு பார்க்கலாம்’ என்று எழுதினார். தவறு என் கடிதத்தில்தான் என்று சொன்னேன். அதற்கு அவருடைய படிவத்தில் இடமில்லை.

சண்முகவடிவு வராந்தாவுக்குப் போனார். “மக்கா, இந்த வருசம் இல்ல.”

“அப்ப ஊருக்குப் போவட்டா டீச்சர்?” என்று அந்த மாணவி கேட்டாள்.

கருவிகளோடு அந்தப் பக்கம் போகிறவர்களுக்கு: கார்டை மடியில் வையுங்கள். சில்லறைப் பாகங்களைக் கையோடு கொண்டுபோங்கள். மறந்தால் திருநெல்வேலிக்கு ஓட வேண்டும், ஐம்பத்தைந்து கிலோமீட்டர். எர்த் குழியைப் பத்து நாள் முன்பே முடித்துவிட்டு, தினம் இரண்டு வேளை தண்ணீர் ஊற்றச் சொல்லுங்கள். கடிதம் எழுதும்போது எங்கே, எதற்கு என்று எழுதுங்கள். நேரம் மிச்சம் பிடிக்கிற இடம் அது அல்ல.

இந்த ஜூலையில் அனுமதி கிடைத்தது. எட்டுப் பேரில் ஐந்து பேர்தான் திரும்பி வந்தார்கள்.