நேற்றுப் பிடித்த தண்ணீர்

“நீ தண்ணி வுடறியா, இல்ல ஆஸ்பத்திரி தரைய களுவுறியாடா?”

பவளம் இப்படிக் கத்தியது இருசப்பனைப் பார்த்து. மேல்நிலைத் தொட்டியிலிருந்து எங்கள் தெருவுக்குத் தண்ணீர் திறந்துவிடுகிறவன் அவன். போன ஐப்பசியில், மழை பிடித்துக்கொண்ட நேரம். அவன் கையில் ஒரு டீயைத் திணித்துவிட்டுத்தான் கத்தினாள். அன்று காலை குழாயில் வந்த தண்ணீரிலேயே அவனுக்கென்று தனியாகப் போட்ட டீ.

“குடி. குடிச்சிட்டு சொல்லு, டீயா பினாயிலான்னு.”

“யக்கா, நானாவா போட்டுக்கினு கீறேன்? மய காலத்துல பிளீச்சிங் பவுடர் போட்டே ஆவணும்னு ஆபீஸ்ல சொல்றாங்க. போடலன்னா என் வேல போயிடும்.”

“போடு, வாணான்னு யாரு சொன்னா? கொயம்புக்கு உப்பு போடற மாதிரி போடு. செவுத்துக்கு சுண்ணாம்பு அடிக்கிற மாதிரி போடற.”

இருசப்பன் டீயை முழுசாகக் குடித்துவிட்டுத்தான் போனான். நன்றாக இருந்ததா, நாறியதா, ஒன்றும் சொல்லவில்லை. ஓசி டீயைக் குறை சொல்ல அவனுக்கு வாய் வராது.

நான் பவளத்துக்குப் பக்கத்து வீடு. அவளைவிட மூத்தவள். எங்கள் இரண்டு பேருக்கும் புருஷன் இல்லை, அதனால் சண்டை போட நேரம் நிறைய. அவளைப் பற்றி நல்லது மட்டும் சொல்ல எனக்கு மனசு வராது. ஆனால் அவள் வைத்திருக்கிற இட்லிக் கடை டீயில் மட்டும் அந்தப் பவுடர் நாற்றம் இருக்காது. இது உண்மை. என் வீட்டு டீ நாறும். எதிர்வீட்டு டீ நாறும். எல்லாருக்கும் ஒரே தொட்டி, ஒரே குழாய். அப்புறம் அவள் டீ மட்டும் எப்படி? ரொம்ப நாள் எனக்குப் புரியவில்லை.

எங்கள் தெருவில் ஒரு பழக்கம் உண்டு. காலையில் குழாயில் தண்ணீர் வந்ததும், நேற்றுப் பிடித்து வைத்த தண்ணீரைச் சாக்கடையில் கவிழ்த்துவிட்டுப் புதுசாகப் பிடிப்போம். நேற்றுத் தண்ணீர் பழசாகிவிட்டது என்று நினைப்பு. பழைய சோற்றில் மோர் ஊற்றி உறிஞ்சிக் குடிக்கிறவர்கள்தான் பழைய தண்ணீரைக் கொட்டுவார்கள். அது என்ன நியாயம் என்று கேட்காதீர்கள். நானும் கொட்டினவள்தான்.

பவளம் மட்டும் கொட்டமாட்டாள். அதோடு விடவும் மாட்டாள். குழாய் திறக்கிற நேரம் பார்த்து இரண்டு பிளாஸ்டிக் குடத்தோடு தெருவில் நிற்பாள். யாராவது குடத்தைச் சாய்த்தால் ஓடிவருவாள்.

“ஊத்தாத, ஊத்தாத! பாவி, சாக்கடைக்கு எதுக்குடி நல்ல தண்ணி? இதுல ஊத்து.”

வீடு வீடாக வாங்கிக்கொண்டு போய்க் கடைக்குப் பின்னால் இருக்கிற டிரம்மில் ஊற்றுவாள். அதில்தான் டீ, அதில்தான் இட்லிப் பானை, அதில்தான் பாத்திரம். ராத்திரி முழுக்க வீட்டுக் குடத்தில் கிடந்த தண்ணீரில் பவுடர் வாசனை ஏது? எல்லாம் பறந்து போயிருக்கும். குழாய்த் தண்ணீர் நாறுகிறது என்று மூஞ்சியைச் சுளித்துக்கொண்டு அவள் கடைக்கு டீ குடிக்கப் போகிறவர்கள், தங்கள் வீட்டில் கொட்ட இருந்த தண்ணீரைத்தான் காசு கொடுத்துக் குடித்தார்கள். இதைத் தெரிந்துகொண்டபோது எனக்குச் சிரிப்பும் வந்தது, வயிறும் எரிந்தது.

அவள் தென்னேரிக்காரி. அவ்வளவு பெரிய ஏரி இருக்கிற ஊரில் பிறந்தவளுக்குத் தண்ணீரில் இப்படி ஒரு கஞ்சத்தனம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன்.

“ஏரி பெருசுதான்க்கா. எங்கப்பன் நெலம் கடைசி மடையில. ஏரி ரொம்புனா எல்லாருக்கும் அப்புறம்தான் எங்களுக்கு. காஞ்சா எல்லாருக்கும் முன்னாடி எங்களுக்கு. மேல ஒருத்தன் வரப்புல ஓட்டைய அடைக்காம தூங்கினான்னா, கீய எங்க நாத்து கருகும். அத்தப் பாத்து வளந்தவ நான்.”

அவள் புருஷன் பஞ்சாட்சரம் வாலாஜாபாத் ரைஸ்மில்லில் லாரி ஓட்டினார். நெஞ்சுவலி வந்து ஒரே நாளில் போய்விட்டார். அதற்கப்புறம்தான் வீட்டு முன்பக்கம் தகரம் போட்டு இட்லிக் கடை வைத்தாள். மகன் அரவிந்தன் ஒரகடம் பக்கம் கம்பெனியில் இருக்கிறான். கடையை மூடிவிட்டு வந்துவிடு என்று கூப்பிட்டுக்கொண்டே இருப்பான். போகமாட்டாள். “அவன் புள்ள பைப்பத் தொறந்து வுட்டுக்கினு பல்லு தேய்க்குது. நான் அங்க இருந்தா மருமவளுக்கும் எனக்கும் தெனம் போலீஸ் ஸ்டேஷன்தான்” என்பாள்.

கிரைண்டர் கழுவின தண்ணீரை மாவிலேயே ஊற்றிவிடுவாள். அரிசி கழுவினது மாட்டுக்கு. பாத்திரம் கழுவினது ஒரு சின்ன வாய்க்காலாக ஓடி வாழைக்குப் போகும். அந்த வாழை என் சுவரை ஒட்டிப் பெருத்து, சுவரில் ஒரே ஈரம். கேட்டால், “செவுருக்கும் தாகம் இருக்காதாக்கா?” என்பாள். இவளோடு எப்படி மல்லுக்கட்டுவது?

இருசப்பனைத் திட்டின சில நாளில்தான் அது நடந்தது. எங்கள் தெரு வெங்கடேசன் பெண்டாட்டி சுதாவின் பையனுக்கு வாந்தி, வயிற்றுப்போக்கு. உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போய் குளுக்கோஸ் ஏற்றினார்கள். இன்னும் இரண்டு வீட்டில் பிள்ளைகளுக்கு வயிறு சரியில்லை. மூன்று பிள்ளைகளும் பள்ளிக்கூடம் போகும்போது பவளம் கடையில் இட்லி தின்றவை. கடை முன்னால் ஒரு பிளாஸ்டிக் டிரம் இருக்கும், பின்னால் டிரம்மிலிருந்து மொண்டு ஊற்றினது, அதில் டம்ளரை விட்டு மொண்டு தண்ணீர் குடித்தவை.

பையன் பிழைத்து வீட்டுக்கு வந்த அன்று சுதா தெருவில் நின்று கத்தினாள்.

“அத்தே! ஊரு கொட்ற தண்ணிய வாரிக்கினு போயி எம்புள்ளைக்குக் குடுத்துகீறியே, உனக்கு மனசாட்சி கீதா?”

“ஏண்டி, இத்தினி வருசமா யாருக்கு இன்னா ஆச்சு?”

“இன்னா ஆவும்னு பாக்கறதுக்கு எம்புள்ளதான் கெடச்சானா? நேத்துத் தண்ணி, நாத்தத் தண்ணி. கஞ்சத்தனத்துக்கும் ஒரு அளவு வாணாமா?”

வார்டு மெம்பர் வந்து, நர்ஸம்மா பார்த்துச் சொல்லும்வரை கடையைத் திறக்காதே என்று சொல்லிவிட்டுப் போனார். பவளம் தகரக் கதவைச் சாத்தினாள். அரவிந்தனுக்கு யாரோ போன் போட்டிருக்கிறார்கள். மறுபடி திறக்கவே வேண்டாம், சாமானை மூட்டை கட்டு, ஞாயிற்றுக்கிழமை வந்து கூட்டிக்கொண்டு போகிறேன் என்று சொல்லிவிட்டான். அரைத்த மாவு புளித்துப் பொங்கியது. ஒரு குண்டான் மாவை என் வீட்டில் கொண்டுவந்து வைத்தாள்.

“நீயாவது தின்னுக்கா. செத்துட்டீன்னா சொல்லி அனுப்பு.”

தின்றேன். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. அதனால் எனக்குக் குழப்பம் இன்னும் அதிகமானது.

நர்ஸம்மா தமிழ்ச்செல்வி வந்தாள். சின்னச் சின்னக் கண்ணாடிப் புட்டி வைத்திருந்தாள். அதில் தண்ணீர் பிடித்து ஒரு நாள் வைத்தால், கெட்ட தண்ணீராக இருந்தால் கறுக்குமாம். தெருக்குழாயில் ஒன்று பிடித்தாள். பவளம் கடை முன்னால் இருந்த டிரம்மில் ஒன்று. அப்புறம் சுதா வீட்டுக்குள் போனாள்.

“எங்க வூட்டுத் தண்ணி எதுக்கு மேடம்? நான் இன்னிக்கிக் காலைல புடிச்சது. பச்சத் தண்ணி, புதுத் தண்ணி.”

“இருக்கட்டும்மா. புள்ள குடிச்ச எல்லாத்தையும் பாக்கணும்.”

மூன்று புட்டியையும் அங்கன்வாடி அலமாரியில் வைத்துப் பூட்டினாள். மறுநாள் சாயங்காலம் தெருவே அங்கன்வாடி வாசலில் நின்றது. பவளம் தள்ளி நின்றாள், முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு.

குழாய்த் தண்ணீர் கறுக்கவில்லை. பவளம் டிரம் தண்ணீர் கண் மை மாதிரி கறுத்திருந்தது. சுதா, “பாத்தியா, பாத்தியா” என்று ஆரம்பித்தாள். நர்ஸம்மா மூன்றாவது புட்டியை வெளியே எடுத்தாள். அதுவும் கறுப்பு.

எல்லாரும் ஒரே நேரத்தில் பேசினார்கள்.

“அத்து எப்பிடி? நான் புதுசா புடிச்சது! பாட்டில மாத்தி வச்சிட்டீங்க.”

“ஏண்டி, உன் வூட்டுத் தண்ணியத்தானடி தெனம் நான் வாங்கி ஊத்திக்கினு கீறேன்? உன் குடம் கறுத்தா என் டிரம்மு கறுக்காதா?”

“எம்புள்ள உன் கடைல குடிச்சான்!”

“என் டிரம்மு உன் வூட்ல குடிச்சிது!”

எனக்குத் தலை சுற்றியது. இவள் தண்ணீர் அவளிடம், அவள் தண்ணீர் இவளிடம். இதில் யார் யாரைக் கெடுத்தது? நான் நர்ஸம்மாவிடமே கேட்டேன். “அந்தப் புள்ளைக்கு இன்னா தண்ணியால வந்துதும்மா? கரெக்டா சொல்லு.”

“அத்த இந்தப் பாட்டில் சொல்லாதும்மா. தண்ணி கெட்டிருக்குன்னு மட்டும்தான் சொல்லும்.”

“புதுசு எப்பிடிக் கெடும்?”

“புதுசா பழசான்னு இல்லம்மா. குடத்துல சொம்ப வுட்டு மொள்ளும்போது வெரலு உள்ள போவுதில்ல? புள்ளைக்கு கால் களுவி வுட்ட கை, சாணி அள்ளின கை. அந்த வெரலுதான்.”

சுதா தன் கையைப் பார்த்தாள். பவளம் தன் கையைப் பார்த்தாள். நானும் யாருக்கும் தெரியாமல் பார்த்துக்கொண்டேன்.

“அந்தப் பவுடர் வாசன லேசா இருந்தா நல்லதும்மா” என்றாள் நர்ஸம்மா. “கிருமி உள்ள போனாலும் அதுதான் தடுக்கும். ஒரு ராத்திரி தொறந்து வச்சீங்கன்னா அந்த வாசன போயிடும், அழுக்குக் குடத்துல சீக்கிரமே போயிடும். அப்புறம் கை பட்டா தடுக்க ஒண்ணும் கெடயாது.”

பவளம் முன்னால் வந்தாள். “இன்னாது? நாறுனா நல்ல தண்ணி, நாறலன்னா கெட்ட தண்ணியா? அப்போ இத்தினி நாளு நான் வச்சிருந்து டீ போட்டது தப்பா?”

“டீக்குக் கொதிக்க வெக்கிறீங்க. தப்பில்ல. அப்பிடியே குடிக்கக் குடுத்தீங்க பாருங்க, அதான் தப்பு.”

“அப்போ கொட்டச் சொல்றியா?”

“கொட்டச் சொல்லல.”

“வச்சிக்கச் சொல்றியா?”

“மூடி வச்சிக்கங்க. கொதிக்க வச்சி செலவு பண்ணுங்க. குடிக்கிறதுக்குப் புதுசா புடிங்க, கைய வுடாதீங்க.”

“கொட்டாத, வச்சிக்காத, வச்சிக்க, கைய வுடாத.” பவளம் விரலை மடக்கிப் பார்த்துவிட்டு என் பக்கம் திரும்பினாள். “உனக்கு எதுனா புரியுதாக்கா?”

“எனக்கு வூட்டுக்குப் போற வயிதான் தெரியுது. வா” என்றேன்.

குடிக்கிற தண்ணீரை ஒழுங்கு பண்ணிவிட்டுக் கடையைத் திறக்கலாம் என்று நர்ஸம்மா சொல்லிவிட்டுப் போனாள். மறுநாள் காலை பவளம் பஸ் ஏறி உத்திரமேரூர் பஜாருக்குப் போனாள். பேப்பரில் சுற்றிய ஒரு சின்னப் பொட்டலத்தோடு வந்தாள். நேராக இருசப்பனைப் பிடித்து இழுத்துவந்தாள்.

“பவுடர் போட்டவனே, ஓட்டையும் போடு.”

கடை முன்னால் இருந்த டிரம்மைத் தேய்த்துக் கழுவி வைத்திருந்தாள். இருசப்பன் அதன் அடியில் ஓட்டை போட்டுப் பொட்டலத்தில் இருந்த குழாயை முடுக்கினான். அவள் மூடியைக் கயிறு போட்டுக் கட்டினாள், ஒருத்தர் கையும் உள்ளே போகாதபடி. காலையில் குழாயில் வந்த தண்ணீரை நிரப்பினாள். பின்னால் இருந்த பெரிய டிரம் அங்கேயே இருந்தது, அதற்கும் ஒரு மூடி வந்தது.

அரவிந்தனுக்குப் போன் போட்டாள். “ஞாயித்துக்கெயம வா நைனா. இட்லி துன்னுட்டுப் போ. மூட்ட கீட்ட கட்ட மாட்டேன்.”

கடை திறந்த அன்று முதலில் வந்தவன் அந்தக் குழாயைத் திருகி ஒரு டம்ளர் குடித்துவிட்டு மூஞ்சியைச் சுளித்தான். “இன்னா யக்கா, ஒங் கடத் தண்ணியும் நாற ஆரம்பிச்சிடிச்சி?”

“நாறுதா? அப்ப நல்லா குடி. நாறலன்னாதான் பயப்படணும்.” சொல்லிவிட்டு, அடுப்புப் பக்கம் உட்கார்ந்திருந்த என்னிடம் மெதுவாகக் கேட்டாள், “சரியாத்தான சொன்னேன்?”

“எனக்கு இன்னா தெரியும்? சொல்லிட்ட இல்ல, வுடு.”

முதல் இரண்டு நாள் கடையில் ஈ ஓட்டினாள். நாறுகிறது என்று சிலர் வரவில்லை, கறுத்தது என்று சிலர் வரவில்லை. அவள் இட்லிப் பானையைத் துடைத்துத் துடைத்து வைத்தாள். மாவு மட்டும் குறைத்து அரைத்தாள்.

மூன்றாம் நாள் காலை குழாய் திறக்கிற நேரம். சுதா இடுப்பில் ஒரு குடத்தோடு கடை முன்னால் வந்து நின்றாள். நேற்றுப் பிடித்த தண்ணீர். உள்ளேயும் வரவில்லை, போகவும் இல்லை.

“அத்தே, கொட்டட்டுமா?”

பவளம் அவளை ஒரு பார்வை பார்த்தாள். “மூடி வச்சிருந்தியா?”

“மூடிதான் வச்சிருந்தேன்.”

“கைய வுட்டியா?”

சுதா பதில் சொல்ல யோசித்தாள். “சொம்புதான் வுட்டேன்.”

“அப்போ பின்னாடி டிரம்முல ஊத்து. கொதிக்கப் போறதுதான.”

சுதா போய் ஊற்றிவிட்டு வந்தாள். பவளம் ஒரு டீயை அவள் முன்னால் நகர்த்தினாள். சுதா குடித்தாள். குடித்துக்கொண்டே அந்த டிரம்முக் குழாயைத் திருகிப் பார்த்தாள், மூடினாள், சொட்டுகிறதா என்று அடியில் விரலை வைத்துப் பார்த்தாள்.

“புள்ளைக்கு எப்பிடி கீது?” என்றாள் பவளம்.

“துன்றான். நாளைக்கு ஸ்கூலுக்குப் போறான். இட்லி வேணும்னான்.”

“அனுப்பு.”

சுதா குடத்தை எடுத்துக்கொண்டாள். “அத்தே, எங்க வூட்லயும் ஒரு டிரம்மு கீது. இந்த மாதிரி கொயா வெக்க இன்னா ஆவும்?”

“கொயா எம்பத்தஞ்சு. ஒயுகாம இருக்க வாசரு அஞ்சு ரூவா. அத்த தனியா கேட்டு வாங்கு, கேக்கலன்னா கடக்காரன் குடுக்க மாட்டான்.”