சிவப்பு விளக்கின் மேல் ஒரு பொட்டு

நத்தத்தில் நான் வேலை பார்த்த புளி ஷெட்டில் என் கையில் ஒரு மெட்டல் டிடெக்டரைக் கொடுத்திருந்தார்கள். திருவிழாக் கூட்டத்தில் போலீஸ்காரர்கள் உடம்பைத் தடவிப் பார்ப்பார்களே, அதே கைக்கருவிதான். எதிரே வரிசையாக உட்கார்ந்திருக்கும் பெண்கள் கத்தியால் புளியைக் கீறிக் கொட்டையும் நாரும் எடுப்பார்கள். அந்தப் புளி அரைக் கிலோ பாக்கெட்டுகளாக என்னிடம் வரும். ஒவ்வொன்றின் மேலும் கருவியை ஓட்டி, சத்தம் வராவிட்டால் பெட்டியில் போடுவேன். கையில் கறை படியாத வேலை என்பதால் எனக்குக் கொஞ்சம் திமிர் உண்டு.

காலையில் கருவி சரியாக இருக்கிறதா என்று பார்க்க ஒரு வழக்கம் வைத்திருந்தோம். ஷெட் கதவில் தொங்கும் திண்டுக்கல் பூட்டுக்கு நேரே அதை நீட்டுவோம். உள்ளங்கை நிறையும் பூட்டு அது. கருவி கத்திவிட்டால் அன்றைக்கு அது நன்றாக இருக்கிறது என்று அர்த்தம். எனக்கு முன்னால் வேலை பார்த்தவளும் அப்படித்தான் செய்தாள். முதலாளியும் அப்படித்தான் செய்வார்.

ஒரு வாரமாக அதன் பிடியில் சிவப்பு விளக்கு ஒன்று மினுக்கிக்கொண்டே இருந்தது. பேட்டரி குறைந்தால் அப்படி மினுக்கும் என்று எனக்குத் தெரியும். பூட்டுக்குத்தான் கத்துகிறதே, பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டேன். நாள் முழுக்கக் கண்ணுக்கு எதிரே அது மினுக்கியது எரிச்சலாக இருந்தது. நெற்றியில் இருந்த ஸ்டிக்கர் பொட்டை எடுத்து அந்த விளக்கின் மேல் ஒட்டினேன். தொல்லை விட்டது என்று நினைத்தேன்.

இரண்டு நாள் கழித்து, மதியம் எல்லாரும் சாப்பாட்டுத் தூக்கைத் திறந்த நேரம், எதிர்வரிசை அக்கா ஒருவர் மட்டும் என்னிடம் வந்தார்.

"ஏத்தா, இதைச் செத்த பாரேன்" என்று கத்தியை நீட்டினார். முனை இல்லை. அரை நகம் அளவுக்கு ஒடிந்திருந்தது.

"எப்பக்கா ஒடிஞ்சுச்சு?"

"தெரியலையே தாயி. முந்தாநா தீட்டையில நல்லாத்தான் இருந்துச்சு. நேத்தா இன்னைக்கான்னு தெரியல."

"புளிக்குள்ள போயிருந்தா மெசினு கத்தியிருக்கும்க்கா. கீழதான் எங்கயாச்சும் கெடக்கும்" என்றேன். சொல்லி முடிக்கும்போதே பொட்டு ஞாபகத்துக்கு வந்தது.

சேலைத் தோளில் குத்தியிருந்த ஊக்கைக் கழற்றி ஒரு பாக்கெட்டுக்கு அடியில் வைத்து, கருவியை மேலே ஓட்டினேன். சத்தம் இல்லை. திரும்பவும் ஓட்டினேன். இல்லை. எழுந்து போய்ப் பூட்டுக்கு நேரே காட்டினேன். தெருவுக்கே கேட்கிற மாதிரி கத்தியது. அத்தனை நாளும் பூட்டைக் கண்டுபிடிக்கிறதா என்றுதான் நாங்கள் சோதித்திருக்கிறோம். புளிக்குள் யார் பூட்டைப் போடப்போகிறார்கள்?

மூடியைத் திறந்து சதுர பேட்டரியை எடுத்து அதன் முனைகளை நாக்கில் வைத்தேன். நல்ல பேட்டரி என்றால் சுரீர் என்று இழுக்கும். இதில் லேசான கூச்சம்தான் இருந்தது. பஸ் ஸ்டாண்ட் பக்கத்து எலக்ட்ரிக் கடைக்கு ஓடிப்போய்ப் புதியது வாங்கி வந்து மாட்டினேன். அப்போதும் ஊக்குக்குச் சத்தம் வரவில்லை. வெயிலில் பிடித்துப் பார்த்தபோது, பேட்டரியைக் கவ்வும் கிளிப்பில் பச்சைக் களிம்பு பூத்திருந்தது. புளிக்கையோடு மாட்டிக் கழற்றியதில் அரித்திருக்கிறது. பிளேடால் சுரண்டி, உலர்ந்த துணியால் துடைத்து, தளர்ந்திருந்த கிளிப்பை நெருக்கி மாட்டினேன். ஊக்கைப் பக்கத்தில் கொண்டுபோனதுமே கத்தியது.

அந்த அக்கா உட்கார்ந்த இடத்தைக் கூட்டித் தேடினோம். அன்றைய பாக்கெட்டுகளை அவர் ஒவ்வொன்றாக எடுத்துக் கொடுக்க, நான் கருவியை ஓட்டினேன். ஒன்றுக்குக்கூடக் கத்தவில்லை. அப்படியென்றால் முனை நேற்றைய புளியில் இருக்கிறது. அந்தப் புளி முழுவதும் திண்டுக்கல் போகும் வழியில் சின்னப் பிள்ளைகள் தங்கிப் படிக்கும் விடுதி ஒன்றுக்குப் போய்விட்டது. என் மகள் இன்னும் முள் எடுத்துக் கொடுத்தால்தான் மீன் சாப்பிடுவாள். அவள் தொண்டைதான் கண்ணுக்குள் நின்றது.

முதலாளியிடம் போகும் முன் பொட்டைப் பிய்த்து விரலிடுக்கில் உருட்டிக்கொண்டேன்.

"லைட்டு எரிஞ்சிருக்குமே, நீ பாக்கலையா?" என்று கேட்டார்.

"இன்னைக்குத்தாண்ணே எரிஞ்சுச்சு" என்றேன்.

அவர் விடுதிக்குப் போன் போட்டு, புளியைத் தொட வேண்டாம் என்று சொல்லிவிட்டு என்னை அனுப்பினார். பஸ்ஸில் ஒடிந்த கத்தியையும் கருவியையும் மடியில் வைத்துக்கொண்டு, ஒவ்வொரு நிறுத்தத்திலும் டிரைவரை மனதுக்குள் திட்டினேன்.

விடுதிச் சமையலறையில் கருவி அண்டாவுக்கும் கரண்டிக்கும் ஜன்னல் கம்பிக்கும் விடாமல் கத்தியது. பாக்கெட்டுகளை வெளியே தூக்கிப்போய் மண் தரையில் பிளாஸ்டிக் பாய் விரித்துப் பரப்பி, ஒவ்வொன்றின் மேலும் கருவியை ஓட்டினேன். எதற்கும் கத்தவில்லை.

"ரெண்டு பாக்கெட்டு மதியமே கரைச்சுட்டேன்" என்றார் சமையல்கார அக்கா. "பிள்ளைக சாப்ட்டுப் பள்ளிக்கூடம் போயிருச்சுக."

பிழிந்து போட்ட சக்கை எங்கே என்று கேட்டேன். கொல்லையில் இருந்து கொண்டுவந்து பாயில் கொட்டினார். கருவியை இரண்டாவது தடவை ஓட்டியபோது கத்தியது. சக்கையை விலக்கினால், கறுத்துப்போன முனை.

சமையல்கார அக்கா தன் விரலைக் காட்டினார். மஞ்சள் அப்பியிருந்தது. "கரைக்கையில சுருக்குன்னுச்சு. கொட்டை ஓடுன்னு நெனச்சேன்" என்றார். பிறகு கேட்டார்: "மெசின்ல பாத்துத்தானே அனுப்புறீக? அது ஏன் கத்தல?"

முதலாளியிடம் சொல்லாததை அவரிடம் சொன்னேன். "லைட்டு மினுக்கிக்கிட்டே இருந்துச்சுக்கா. கண்ணை உறுத்துதுன்னு நான்தான் பொட்டை ஒட்டி மறைச்சேன்."

அவர் திட்டுவார் என்று காத்திருந்தேன். திட்டவில்லை. காயம்பட்ட விரலைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு பாக்கெட்டுகளைச் சேகரித்தார். "இனிமே நானே ஒவ்வொண்ணையும் பிச்சுத் தடவிப் பாத்துக்கிறேன்" என்றார்.

முனையைக் கத்தியோடு பொருத்திப் பார்த்தேன். பொருந்தியது, ஓர் ஓரத்தைத் தவிர. அந்த ஓரத்தில் அரிசிக் குருணை அளவுக்கு இடைவெளி இருந்தது. அது தீட்டித் தேய்ந்ததா, தனியாக ஒடிந்து போனதா என்று எனக்குத் தெரியவில்லை. மிச்சச் சக்கையை மூன்று முறை தேடினேன். எதுவும் கிடைக்கவில்லை. வார்டனிடம் விஷயத்தைச் சொல்லி, யாருக்காவது வயிறு வலித்தால் தாமதிக்காமல் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோகச் சொன்னேன்.

சாயங்காலம் பிள்ளைகள் பையைத் தூக்கிக்கொண்டு கத்திக்கொண்டே வந்தார்கள். கை கழுவிவிட்டுத் தட்டோடு வரிசையாக உட்கார்ந்தார்கள். அன்றைக்கு வெறும் பருப்பும் சோறும்தான். நான் பஸ்ஸை விட்டுவிட்டு, கடைசிப் பிள்ளை விழுங்கி முடிக்கும் வரை வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.