நோ டிஸ்சார்ஜ்

மூன்று வருடங்களுக்கு முன்பு திருகோணமலையில் ஓர் ஆஸ்பத்திரியில், அப்பெண்டிக்ஸ் ஒப்பரேஷன் முடிந்து நான் படுத்திருந்தேன். எனக்குத் துறைமுகத்தில் வேலை. கப்பலிலிருந்து இறங்கும் சரக்குக்குக் கடதாசி எழுதுவது. 'டிஸ்சார்ஜ்' என்ற சொல் என் பேனாவுக்கே மனப்பாடம். அதனால் ஆங்கிலம் என்றால் எனக்குக் கொஞ்சம் தலைக்கனம். வார்ட்டில் யாருக்கு என்ன கடதாசி வந்தாலும் கேளாமலே வாசித்து விளக்கம் சொல்லுவேன்.

பக்கத்துக் கட்டிலில் ஈச்சிலம்பற்று மீனவர் ஒருவர். காலில் திருக்கை முள் குத்தி, புண் பழுத்து வந்தவர். அவருடைய மகளுக்குக் கண்டிப் பக்கம் பல்கலைக்கழகத்தில் இடம் கிடைத்திருந்தது. அந்தக் குடும்பத்தில் கம்பஸ் போகும் முதல் பிள்ளை. வெள்ளிக்கிழமை மத்தியானம் பஸ். தாயில்லாத பிள்ளை, நான்தான் கொண்டுபோய் விடவேணும் என்று நாளுக்குப் பத்துத் தரம் சொல்லுவார்.

வியாழன் காலை டொக்டர் பார்த்துவிட்டுப் போனதும், கட்டிலில் தொங்கிய அட்டையைக் காட்டிக் கேட்டார்.

"தம்பி, என்ன எழுதிக் கிடக்கு? நாளைக்குத் துண்டு வெட்டுவாங்களோ?"

வீட்டுக்கு விடுவதை நாங்கள் அப்படித்தான் சொல்லுவோம். எட்டிப் பார்த்தேன். 'நோ டிஸ்சார்ஜ்' என்று இருந்தது.

"இல்லை அண்ணை, விடமாட்டாங்களாம்" என்றேன். தாதியிடம், எங்கள் பேச்சில் மிஸ்ஸியிடம், ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். எனக்குத் தெரிந்த சொல்லை நான் ஏன் இன்னொருவரிடம் கேட்கப்போகிறேன்?

மனிதர் மத்தியானச் சோற்றைத் தொடவில்லை. சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்து மகளுக்குப் போன் எடுத்தார். "கால் மோசம் போல பிள்ளை. நீ சித்தப்பாவோட போ" என்றது மட்டும் எனக்குக் கேட்டது.

பின்னேரம், பார்வையாளர் நேரத்தில், அந்தப் பிள்ளை உடுப்புப் பையோடு ஓடி வந்தாள். கண்ணெல்லாம் சிவந்திருந்தது.

"நான் கம்பஸுக்குப் போகேல்லை அப்பா. லிங்கநகரில சித்தி வீட்டில நிண்டு உங்களைப் பாக்கிறன்."

தகப்பன் ஏசிப் பார்த்தார், கெஞ்சிப் பார்த்தார். அவள் அசையவில்லை. அவர் அழத் தொடங்கவும், அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு அட்டையை எடுத்து வாசித்தாள். திரும்பவும் வாசித்தாள். பிறகு மிஸ்ஸியின் மேசைக்குப் போய் ஏதோ கேட்டுவிட்டு வந்தாள்.

"அப்பா, இது புண்ணில இருந்து சீழ் வடியேல்லை எண்டு எழுதினது. புண் காயுது. நாளைக்குக் காலமை துண்டு வெட்டுவாங்களாம். ஆர் உங்களுக்கு மாறிச் சொன்னது?"

அவர் என்னைப் பார்த்தார். யானைக்கும் அடி சறுக்கும் என்பார்கள். நான் யானையுமில்லை. போர்வைக்குள் புகுந்துவிடலாமா என்று இருந்தது. என் வாய்க்கொழுப்பால் ஒரு பிள்ளையின் படிப்பே நின்றுபோகப் பார்த்ததே!

"என்னை மன்னிச்சுக்கொள் பிள்ளை" என்றேன்.

அவள் கோபிப்பாள் என்றுதான் நினைத்தேன். "அப்பா போனில சொன்னவர், அங்கிளுக்குத் துறைமுகத்திலயோ வேலை?" என்று கேட்டாள். ஓம் என்றேன். உடனே தகப்பன் பக்கம் திரும்பினாள்.

"அங்க டிஸ்சார்ஜ் எண்டால் சரக்கு இறக்கிறது அப்பா. அந்தச் சொல்லே வண்டிலில இருந்துதான் வந்ததாம். வண்டிலில பாரம் ஏத்திறது சார்ஜ், இறக்கிறது டிஸ்சார்ஜ். போனுக்குச் சார்ஜ் ஏத்திறம் எண்டு நாங்களும் சொல்றம்தானே! சீழ் வாறதுக்கும் அதுதான், ஆளை வீட்டுக்கு விடுறதுக்கும் அதுதான். ஆருக்கும் மாறும்."

தகப்பன் கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். அவள் கொண்டுவந்த இடியப்பப் பார்சலில் பாதியை என் பக்கம் தள்ளி, "சாப்பிடுங்கோ தம்பி" என்றார்.

வெள்ளி காலை துண்டு வெட்டினார்கள். யன்னலால் பார்த்துக்கொண்டிருந்தேன். நொண்டி நொண்டிப் போன தகப்பன் பையைக் கேட்க, அவள் மறுக்க, கடைசியில் பையின் காதை ஆளுக்கொன்றாகப் பிடித்துக்கொண்டு பஸ் நிலையப் பக்கம் நடந்தார்கள்.

இப்போது யாராவது கடதாசி நீட்டினால், "எதுக்கும் ஒருக்கா வேற ஆளிட்டயும் கேளுங்கோ" என்று சொல்லிவிட்டுத்தான் வாசிக்கிறேன். துறைமுகத்தில் அந்தச் சொல்லை எழுதும்போதெல்லாம் அந்தப் பிள்ளையின் ஞாபகம் வரும். நான் கேளாமலே என் பாரத்தையும் இறக்கி வைத்துவிட்டுத்தானே அவள் பஸ் ஏறினாள்.