கழுகுப்பாறை: பிளந்த பாறையில் எந்தப் பக்கம் திரும்புவது?

செஞ்சியைத் தாண்டியுள்ள கழுகுப்பாறை மலைக்கு வழி சொல்லி, போன வருடம் இங்கே எழுதியிருந்தேன். அதை நம்பிப் பிப்ரவரியில் அரியாங்குப்பத்திலிருந்து ரெஜினாவும் அவர் கணவரும் போயிருக்கிறார்கள். நான் எழுதியபடியே பிளந்த பாறையில் இடப்பக்கம் திரும்பி, செங்குத்தான விளிம்பில் மாட்டிக்கொண்டார்கள். கணவர் சறுக்கி விழுந்து மணிக்கட்டை உடைத்துக்கொண்டார். ரெஜினா இதைப் பின்னூட்டத்தில் எழுதியதும், "வேறு பாறையில் திரும்பியிருப்பீர்கள்" என்று பதில் போட்டேன். ஐந்து வருடமாக மலை ஏறுகிறவள் நான், அந்தத் தைரியம்.

மறுநாள் ரெஜினாவிடமிருந்து போன் வந்தது. "அக்கா, நான் சண்டைக்கு வரல. சனிக்கெழம எனக்கு ஆஸ்பத்திரியில டூட்டி இல்ல. வந்து அந்தப் பாறைய நீங்களே காட்டுங்க."

போனோம். ரெஜினா என்னைப் புதுச்சேரி உப்பளத்தில் வந்து ஏற்றிக்கொண்டார். காலை 4.45க்கு அவருடைய ஸ்கூட்டரில் கிளம்பி, திண்டிவனத்தில் இட்லி சாப்பிட்டு (இருவருக்கும் 120 ரூபாய்), ஏழு மணிக்குச் செஞ்சி. அங்கிருந்து அடிவாரம் 12 கிலோமீட்டர். கடைசி இரண்டும் மண் சாலை. போகவர 160 கிலோமீட்டருக்குப் பெட்ரோல் 350 ரூபாய் ஆனது.

7.30க்கு ஏற ஆரம்பித்தோம். முட்புதர்களுக்கு நடுவே மாட்டுத்தடம், முக்கால் மணி நேரம். பிளந்த பாறை வந்தது.

"இதானேக்கா?"

"இதேதான்" என்று சொல்லி இடப்பக்கம் திரும்பினேன். கொஞ்சம்கூட யோசிக்கவில்லை.

இருபது நிமிடத்தில் பாறை சரிய ஆரம்பித்தது. இன்னும் பத்தடி வைத்ததும் வழியே இல்லை. கீழே பனைமரங்களின் தலைகள் தெரிந்தன. பாறையோடு ஒட்டி உட்கார்ந்துவிட்டேன். ரெஜினா அசையாமல் நின்று, "அவரு சறுக்கனது இங்கதான்" என்றார்.

அப்போதுதான் உறைத்தது. போன வருடம் நான் குறிப்பெடுத்தது இறங்கும்போது. இறங்குபவருக்கு இடப்பக்கம் என்றால், ஏறுபவருக்கு அது வலப்பக்கம்.

"தப்பு என்னோடதுதான் ரெஜினா."

"அது எனக்கு அன்னிக்கே தெரியும்க்கா. ஒங்க வாயால கேக்கணும்னுதான் கூட்டியாந்தேன். வாங்க, மேல போவலாம்."

உட்கார்ந்தபடியே நகர்ந்து பின்வாங்கினோம். வலப்பக்க வழி சுலபமானது. கடைசி முப்பதடிக்கு மட்டும் கையும் காலும் ஊன்றி ஏற வேண்டும். 9.50க்கு உச்சி. காற்று ஆளைத் தள்ளியது. செஞ்சிக் கோட்டை மலைகள் மூன்றும் தெளிவாகத் தெரிந்தன. சிக்னல் கிடைத்ததும் ரெஜினா கணவரை வீடியோவில் கூப்பிட்டு, போனை என்னிடம் நீட்டினார். மன்னிப்புக் கேட்டேன்.

"வுடுங்கக்கா, கை சேந்துடுச்சி" என்று சிரித்தார் அவர். "அடுத்த மொற நானும் வரேன். ஆனா வழிய அவ சொல்லட்டும்."

போகிறவர்களுக்கு: முதலில் வனத்துறை அலுவலகத்தில் அனுமதி பற்றிக் கேளுங்கள். ஆளுக்கு மூன்று லிட்டர் தண்ணீர் வேண்டும்; மலையில் சொட்டு கிடையாது. பதினொரு மணிக்குள் இறங்கத் தொடங்குங்கள், பாறை சுட ஆரம்பித்துவிடும். மழை பெய்த மறுநாள் போகவே வேண்டாம்.

பிளந்த பாறையில் வலப்பக்கம் திரும்புங்கள். பழைய பதிவில் அந்தத் தவறான வரியை நான் அழிக்கவில்லை; குறுக்கே கோடு போட்டு, என்ன நடந்தது என்பதையும் பக்கத்திலேயே எழுதிவிட்டேன். ஏறும்போதே குறித்துக்கொள்ளாத எந்த வழியும் இனி இங்கே வராது.