ஆள் இல்லாத ஊருக்கு நாலு புள்ளி

கேம் கடை வைச்சிருக்கிறவன்ர உண்மையான வேலை, வந்தவன் சொல்லுற குறையை நிண்டு கேக்கிறது. சலூன் வைச்சிருக்கிறவை, சாப்பாட்டுக் கடை வைச்சிருக்கிறவை, நீங்களும் என்னைப் போல நொந்த சாதிதான், உங்களுக்கு நான் விளங்கப்படுத்தத் தேவையில்லை. ஆனால் உங்கட கடையில வாற குறை உப்பைப் பற்றியும் மீசையைப் பற்றியும். என்ர கடையில வந்த குறையள் சிலதை நினைச்சால் எனக்கு இப்பவும் மயிர் கூச்செறியும்.

நான் இந்தியாவில அகதி முகாமில வளந்தவன். சண்டை முடிஞ்சு மன்னாருக்குத் திரும்பி வந்து, தாராபுரத்துக்குப் போற றோட்டில ஒரு சின்னக் கடையை வாடகைக்கு எடுத்தன். பழைய ரீவி, பழைய கேம் பெட்டி, பிளாஸ்ரிக் கதிரை, இவ்வளவுதான் முதல். வந்து இருந்து விளையாடிட்டுப் போகலாம், கறண்ட் நிண்டால் நிண்டதுதான்.

மேல புள்ளி, கீழ புள்ளி

கனடாவில எனக்கொரு மச்சான் இருக்கிறான். வெளிநாட்டு விமர்சகர்மார் எந்த கேமுக்குப் பத்துக்கு எத்தினை புள்ளி போட்டவை, ஏன் போட்டவை எண்டு ரெலிபோனில வாசிச்சுச் சொல்லுவான். அதை நான் தமிழில ஒரு துண்டில எழுதி சீடி மட்டையில ஒட்டுவன். மேல அவையின்ர புள்ளி. கீழ எங்கட ஆக்களின்ர புள்ளி. விளையாடி எழும்புற ஆர் எண்டாலும் ஒரு புள்ளியும் ஒரு காரணமும் சொல்லாமல் படி இறங்கேலாது, அது என்ர கடைச் சட்டம்.

பெரிய மூளை எண்டுதான் நான் என்னை நினைச்சுக்கொண்டிருந்தன். முதல் நாளே ஒருத்தர் குத்துச்சண்டை கேமில நல்லா அடி வாங்கிப்போட்டு எழும்பினார். புள்ளி கேட்டன். செருப்பைக் கொழுவிக்கொண்டு என்னைத் திரும்பிப் பாத்தார். "வாங்கின அடியை விட உம்மட சோதினை பெரிசாக் கிடக்கு, தம்பி."

பச்சைக்குள்ள இறங்காதவன்

சுதன் கண்ணிவெடி எடுக்கிற வேலை செய்யிறவன். கலியாணம் கட்டினவன், ரெண்டு பிள்ளையள். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிய வந்து எங்கட கடையிலயே பெரிய சண்டை கேமைக் கேப்பான். வெளிநாட்டில அதுக்கு ஒன்பதரை. காரணம், 'உண்மை மாதிரியே இருக்கு'.

சுதன்ர ஆள் தார் றோட்டை விட்டு இறங்காது. மற்றவை புல்லுக்குள்ளால ஓடி மலையேறிச் சண்டை பிடிப்பினம், இவன் நடுறோட்டில நிப்பான். இறங்கத்தான் வேணுமெண்டால் முன்னுக்குப் போனவன்ர காலடியைப் பாத்துப் பாத்து அதுக்கு மேலதான் கால் வைப்பான். பின்னால கதிரையில இருந்து பாத்துக்கொண்டிருந்த எனக்கும் மெல்ல மெல்ல அந்தப் பச்சையைப் பாக்கப் பயமாப் போச்சு. உள்ளங்கால் கூசினது. காலைக் கதிரைக்கு மேல தூக்கி வைச்சிட்டன், வெக்கத்தை விட்டுச் சொல்லுறன். "இது கேம் தானே, இறங்கன்" எண்டு கேட்டன்.

அவன் ஜோய்ஸ்ரிக்கை மடியில வைச்சான். "இவ்வளவு புல்லு வளந்து கிடக்கு, வெடி கிடக்கெண்டு காட்ட ஒரு சிவப்புத் தடி கூட நடேல்லை, அண்ணை. உண்மை மாதிரி எண்டு சொன்னவரை முதல்ல இறங்கி நடக்கச் சொல்லுங்கோ. மூண்டு."

குருவி இறங்காத வயல்

கந்தசாமி அண்ணை கட்டுக்கரைக் குளத்துத் தண்ணியில வயல் செய்யிறவர். ஒருநாள் பசளை வாங்க மன்னாருக்கு வந்து, பஸ் வாறமட்டும் நிழலுக்கு என்ர கடையில ஒதுங்கினார். சும்மா இருப்பானேன் எண்டு அவரை ஒரு விவசாய கேமுக்கு முன்னால இருத்தினன். வெளிநாட்டில எட்டு. 'மனதுக்கு அமைதி தருகிறது' எண்டு காரணம்.

மனிசன் நல்லா ரசிச்சுத்தான் விதைச்சார். பயிர் பச்சை பிடிச்சுது, கதிர் தள்ளிச்சுது. அதுக்குப் பிறகு அவற்ர முகம் மாறினது. ரீவிக்குக் கிட்டக் கிட்டப் போய் எதையோ தேடினார். ஒரு குருவி இல்லை, ஒரு எலி இல்லை, ஒரு பண்டி வந்து கிண்டேல்லை. வானத்தில முகில் அசையேல்லை, கதிர் மட்டும் ஆடிக்கொண்டு நிண்டது. எனக்கு அதுவரைக்கும் இது ஒண்டும் கண்ணில படேல்லை. அவர் சொல்லாமல் சொன்ன பிறகு அந்த கேமை நான் தனிய இருந்து போட்டதில்லை.

ஜோய்ஸ்ரிக்கை மெதுவாக் கீழ வைச்சிட்டுப் பசளை உரப்பையைத் தூக்கினார். "குருவி இறங்காத வயலுக்குள்ள நான் காலே வைக்கமாட்டன். ஏனெண்டு கேளாதையும். பூச்சியம் போடும்."

பலகைக்கு அங்கால

என்ர கடைக்கும் றீற்றா அக்கான்ர தையல் கடைக்கும் நடுவில ஒரு பலகை மறைப்புத்தான். அவ சட்டை தைக்கிற சத்தம் எனக்குக் கேக்கும், என்ர கடையில வெடிக்கிறதெல்லாம் அவவுக்குக் கேக்கும். ஒருநாள் சண்டை கேமில செல் குண்டு விழுற கட்டம், சத்தத்தைக் கூட்டி விட்டிருந்தாங்கள். மெசின் சத்தம் சட்டெண்டு நிண்டுது. எட்டிப் பாத்தால் அக்கா துணி வெட்டுற மேசைக்குக் கீழ குந்தியிருக்கிறா. எனக்கு நிலத்துக்குள்ள புகுந்திடலாம் போல இருந்தது.

அவவின்ர ஊர் மன்னார்த் தீவுக்கு வெளிய, பெருநிலத்துக் கரையில. ஊரே வெளிக்கிட்டு ஓடின நேரம் அவவின்ர மனிசன் சவிரி அண்ணை ஆடுகளை அவிட்டு விட்டிட்டு வாறதுக்குப் பின்தங்கினவர். "ஓம், வாறன், நீங்கள் நடவுங்கோ" எண்டு சொன்னாராம். வரேல்லை. அவரைக் கண்டதெண்டு சொல்லவும் ஆள் இல்லை, செத்ததெண்டு சொல்லவும் ஆள் இல்லை. சண்டை முடிஞ்ச பிறகு ஆமி ஊரைத் திரும்ப விட்டது. திரும்பிப் போறதோ காணியைக் கைவிடுறதோ எண்டு அரசாங்கக் கந்தோரில பேர் குடுக்கச் சொல்லிக் கேட்டபடி. அவ சாட்டுச் சொல்லிக் கொண்டிருந்தா. போய்ப் பாத்து அங்க அவர் இல்லையெண்டால் அதோட எல்லாம் முடிஞ்சுது, போகாட்டில் அவர் இன்னும் அங்க ஆட்டை அவிட்டுக்கொண்டு நிக்கிறார். அதுதான் அவவின்ர பயம். எனக்கே ஒருக்கால் வாய்விட்டுச் சொன்னவ.

அண்டைக்கு நான் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு நிக்க, அவ சீலையைத் தட்டிக்கொண்டு மேசைக்குக் கீழ இருந்து வெளிய வந்தா. என்னை ஏசுவா எண்டு நினைச்சன், அவ கேமுக்குத்தான் குறை சொன்னா. "சத்தம் கேட்டாப் பிறகு ஓடுறாங்கள் தம்பி, அது பிழை. கேட்டுதெண்டால் அது எங்களுக்கு விழேல்லை."

நாலு புள்ளி

அந்த கேம் வந்தது அதுக்குப் பிறகு. எந்த நாடெண்டு தெரியாத ஒரு கடற்கரை ஊர். ஆள் ஒருத்தரும் இல்லை. சண்டையும் இல்லை, ஓட்டமும் இல்லை. வீடு வீடாப் போய், கதவைத் திறந்து, எல்லாரும் எங்க போச்சினம் எண்டு பாக்கவேணும். வெளிநாட்டில நாலு புள்ளி. மச்சான் காரணத்தை வாசிக்கேக்குள்ளயே சிரிச்சான். 'ஆள் இல்லாத ஊர், அலுப்பு. சாப்பாட்டை மேசையில் அப்படியே விட்டுவிட்டு ஒரு ஊர் முழுதும் எழும்பிப் போகும் என்பதை நம்ப முடியவில்லை.'

தாராபுரத்து நிஸ்தார் நானா, சண்டைக் காலத்தில ஊரை விட்டுத் துரத்தப்பட்டு, புத்தளத்தில பாதி வயசைக் கழிச்சுப்போட்டு ஊருக்குத் திரும்பினவர். பந்தடி கேம் தவிர வேற தொடமாட்டார். அண்டைக்கு மற்றப் பெட்டியள் எல்லாத்திலயும் ஆள், அதால இதுக்கு முன்னால இருந்தார். ஒரு குசினிக்குள்ள போனார். அடுப்பில பானை, பக்கத்தில ரெண்டு கோப்பை. அதிலயே நிண்டிட்டார். ரீவிக்குள்ள காத்துச் சத்தம் மட்டும் கேட்டுது.

பிறகு மட்டையில நான் ஒட்டின காரணத்தை எடுத்து வாசிச்சார். "நாங்களும் சோத்தை வடிச்சபடிதான் விட்டிட்டுப் போனம். இந்த மனிசனுக்கு ஒருநாளும் வெளிக்கிடச் சொல்லி ஆரும் சொல்லேல்லை போல. எட்டுப் போடுங்கோ தம்பி, பானைக்கு மட்டும்."

வீட்டுக்காரர்

அதோட அந்த கேமுக்கு வரிசை. ஒருநாள் றீற்றா அக்கா தேத்தண்ணிக் கோப்பையோட வந்து பின்னால நிண்டு பாத்தா. ரீவியில ஒரு வீடு, அதுக்கு முன்னால முத்தம். மணலில அரைவட்டம் அரைவட்டமாக் கோடு.

"இதுக்குள்ள ஆள் இருக்கு," எண்டா.

"இல்லை அக்கா, ஆள் இல்லாத ஊர். மணலை அப்பிடிக் கீறி வைச்சிருக்கிறாங்கள்."

"முத்தம் கூட்டிக் கிடக்கு. ஆள் இல்லாமல் ஆர் கூட்டுறது? வலக்கைக்காரர். கோடு எந்தப் பக்கம் வளையுதெண்டு பாருங்கோ. எனக்குத் தொய்வு, மூச்சு இழுக்கும், தூசி கூடாது, எங்கட முத்தம் கூட்டுறது என்ர மனிசன்தான். அவருக்கு இடக்கை. எங்கட முத்தத்தில கோடு மற்றப் பக்கம் வளையும்."

அவ சொல்லிட்டுத் தன்ர வேலைக்குப் போயிட்டா. எங்களுக்குத்தான் பிடிச்சுது சனியன். ஆள் இருக்கிற வளவுக்குள்ள கேக்காமல் எப்பிடிப் போறது? சுதன் அந்த வாசல் படலையில தன்ர ஆளை நிப்பாட்டி வைச்சுக்கொண்டு, ஊரில வெளிய நிண்டு கூப்பிடுற மாதிரி ரீவியைப் பாத்து "வீட்டுக்காரர், வீட்டுக்காரர்" எண்டு கூப்பிட்டான். முதல்ல சிரிச்சம். பிறகு எல்லாருக்கும் அது பழகிப் போச்சு. கூப்பிடாமல் அந்தப் படலையைத் திறக்க ஒருத்தனும் துணியேல்லை. கேமைச் செய்தவன் இதைக் கண்டிருந்தால் எங்களைக் கொண்டுபோய் விசர் ஆஸ்பத்திரியில விட்டிருப்பான்.

ஒரு மத்தியானம் நிஸ்தார் நானா படலையில நிண்டு "வீட்டுக்காரர்" எண்டு கூப்பிட, "ஓம், வாறன்" எண்டு ஒரு குரல் தெளிவாக் கேட்டுது. நானா ஜோய்ஸ்ரிக்கைப் போட்டிட்டு எழும்பிட்டார். சுதன்ர கை என்ர தோளைப் பிடிச்சுது, பிடிச்ச இடம் கண்டிப்போச்சு. ஒரு மூச்சுக்குப் பிறகுதான் வாசலில றீற்றா அக்கா வந்து நிக்கிறதைக் கண்டம், கழுத்தில அளவு நாடா. தன்னைத்தான் ஆரோ தேடி வந்ததெண்டு நினைச்சிட்டா. விசயத்தைச் சொன்னம். சிரிப்பா எண்டு பாத்தம், அவவின்ர கண் கலங்கிப் போச்சு. "வாடகை அறையில இருக்கிறவளை ஆர் வீட்டுக்காரர் எண்டு கூப்பிடப் போயினம்? அதுதான் ஓடி வந்திட்டன். தம்பி, என்னை ஒருக்கால் ஊருக்குக் கூட்டிக்கொண்டு போறீங்களே?"

இடக்கை

ஓட்டோவில போனம். அக்கா, நான், முன்னுக்கு ஓட்டிக்கொண்டு சுதன். அந்த ஊரை வெடி எடுத்துத் துப்பரவாக்கிக் குடுத்ததே அவன்ர ஆக்கள்தான், அதால அவன் துணைக்கு வந்தான். சந்திக் காவலில நிண்ட ஆமிக்காரன் உடைஞ்ச தமிழில சொன்னான், அந்த ஒழுங்கையில இன்னும் ஒரு குடும்பமும் வரேல்லை, தாங்களும் அங்கால போறதில்லை எண்டு.

உண்மைதான். ரெண்டு பக்கமும் கூரை இல்லாத வீடுகள், சுவருக்குள்ளால மரம் வளந்து நிக்குது. பட்டப்பகல், உச்சி வெயில், ஒரு காகம் கூடக் கத்தேல்லை. எனக்குக் கந்தசாமி அண்ணை நினைவுக்கு வந்தார். திரும்பிப் போவம் எண்டு சொல்ல வாய் வந்தது, அக்காவின்ர முகத்தைப் பாத்திட்டு விழுங்கினன்.

கடைசி வளவு அவவின்ர. படலை இல்லை, ரெண்டு கட்டை மட்டும். சுதன் முன்னுக்குப் போனவன் அந்தக் கட்டையடியில நிண்டிட்டான். "நாங்கள் வேலை முடிச்சுப் போகேக்குள்ள இஞ்ச முழங்கால் உயரத்துக்குப் புல்லு," எண்டான். புல்லு இல்லை. முத்தம் கூட்டிக் கிடந்தது. சருகு ஒண்டு இல்லை, கால் அடையாளம் ஒண்டு இல்லை. அரைவட்டம் அரைவட்டமாக் கோடு, வாசல்படி வரைக்கும்.

அக்கா உள்ளுக்குப் போகேல்லை. சொந்தப் படலையடியில நிண்டு, சீலைத் தலைப்பைச் சரியாக்கிக்கொண்டு, "வீட்டுக்காரர்" எண்டு கூப்பிட்டா. கொஞ்சம் பொறுத்து இன்னொருக்கால் கூப்பிட்டா. ஒரு பதிலும் இல்லை. "சோளகக் காத்தாயிருக்கும் அக்கா, மணலை இப்பிடித்தான் வழிச்சு விடும்," எண்டன். என்ர குரல் எனக்கே பிடிக்கேல்லை.

அவ குனிஞ்சு அந்தக் கோடுகளைப் பாத்தா. தொடேல்லை. நிமிர்ந்தபோது அவவின்ர முகத்தில பயம் இல்லை, நான் பழகின நாளில இருந்து அதைப் பயமில்லாமல் கண்டது அண்டைக்குத்தான். செருப்பைக் கழட்டிக் கையில எடுத்துக்கொண்டு, கோடு அழியாமல் கரையால நடந்து உள்ளுக்குப் போனா. "காத்துக்கு இடக்கைப் பழக்கம் இல்லைத் தம்பி. கந்தோரில போய்ச் சொல்லுங்கோ, இஞ்ச ஆள் இருக்கு."

அவ இப்ப அங்க தகரக் கொட்டில் போட்டு மெசினோட இருக்கிறா, தொய்வுக்காரி, விளக்குமாறு தொடுறதில்லை, முத்தம் எப்பவும் சுத்தம். அந்த நாலு புள்ளிக்காரர் எப்பவாவது மன்னாருக்கு வந்தால் நானே அவரை அந்தப் படலையடிக்குக் கூட்டிக்கொண்டு போய் ஒருக்கால் கூப்பிட்டுப் பாக்கச் சொல்லுவன், நான் ஓட்டோவை விட்டு இறங்கமாட்டன்.