விக்கிரமங்கலம் முந்திரித் தோப்பில் ஏழடி உடும்பு

போன மாசி மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் விக்கிரமங்கலம் போனது கோயில் பார்க்க அல்ல. முந்தின ராத்திரி என் தங்கை செல்வி போனில் அழுதாள். அவர்கள் தோப்பிலுள்ள வறண்ட உறைக்கிணற்றில் ஓர் உடும்பு விழுந்து நாலு நாள் ஆகிவிட்டதாம். கன்றுக்குட்டி ஒன்று விழுந்து செத்ததிலிருந்து அந்தக் கிணற்றை மூடிவிட வேண்டும் என்று மாப்பிள்ளை பிடிவாதமாக நின்றார். மறுநாள் காலை பதினொரு மணிக்கு ஜேசிபி வருகிறது. இந்தப் பக்கத்தில் உடும்பு விஷயம் தெரிந்தவன் என்னை விட்டால் யார்?

பெரம்பலூரில் ஆறேகாலுக்கு பஸ். அரியலூர் வரை முப்பது கிலோமீட்டர், இருபத்தெட்டு ரூபாய். வழியெல்லாம் சுண்ணாம்புக்கல் லாரி, ஜன்னலோரம் உட்காராதீர்கள். இந்த மண் ஒரு காலத்தில் கடல். உடும்பு அப்போது கரையேறிய முதலையின் சித்தப்பா பிள்ளை என்பது என் சொந்த ஆராய்ச்சி. அரியலூரில் பஸ் மாறி, விக்கிரமங்கலத்தில் இறங்கி, மாப்பிள்ளையின் பைக்கில் மூன்று கிலோமீட்டர். தோப்புக்குள் நுழையும்போது மணி ஒன்பதரை.

எட்டிப் பார்த்தேன். ஏழடி!

“மூணு முழம் இருக்கும் மச்சான்,” என்றார் மாப்பிள்ளை. அவருக்குக் கண்ணில் கோளாறு.

மண் நிற உடம்பு, மணி கோத்தாற்போல் செதில், உடம்பைவிட நீளமான வால். பாம்பு மாதிரி பிளந்த நாக்கால் காற்றை நக்கி நக்கி வாசம் பார்த்தது. எந்த மரத்திலும் ஏறும் நகம் இருந்தும், வழவழ சிமெண்டு உறையில் பிடிக்க இடமில்லை. சுவரெல்லாம் கீறல். பக்கத்தில், அது தின்னட்டும் என்று செல்வி உள்ளே போட்ட முட்டைகளின் ஓடுகள்.

நான் கயிற்றில் சுருக்குப் போட்டு இறக்கினேன். அது உடம்பை ஊதி, புஸ்ஸென்று சீறி, வாலால் ஒரு வீசு. கயிறு பறந்தது. (நானும் கொஞ்சம் பின்னால் போனேன்.)

அதற்குள் ஜேசிபி வந்துவிட்டது. டிரைவர் எட்டிப் பார்த்துச் சிரித்தார். “தூக்குனா எனக்குக் குடுங்க. கறி முதுகு வலிக்கு நல்லதும்பாங்க.”

“முதுகு வலிச்சா வண்டிய மெதுவா ஓட்டுங்க,” என்றாள் செல்வி. “அது புடிக்க எடமில்லாமத்தான் கெடக்குண்ணே. கீழ வுழுந்ததுக்கு அதையும் சேத்து மூடிடுவீங்களா?”

ஓடிப்போய் முந்திரிக் கொட்டை கட்டும் இரண்டு சணல் சாக்கைக் கொண்டுவந்தாள். பிரித்து, முனையோடு முனை தைத்து, கயிறு கட்டித் தொங்கவிட்டோம். கால் மணி நேரம் அசையவில்லை. பிறகு நாக்கை நீட்டியது. ஒரு கால் வைத்தது. நாலு காலாலும் அள்ளிப் பிடித்தது. நான்தான் தனியாக இழுத்தேன். செல்வி, மாப்பிள்ளை, டிரைவர் மூவரும் கூடக் கை வைத்தார்கள்.

மேலே வந்தும் அது சாக்கை விடவில்லை. தொண்டை படபடவென்று அடித்துக்கொண்டது. டிரைவர் சத்தமில்லாமல் போய் இன்ஜினை அணைத்துவிட்டு வந்தார். மாப்பிள்ளை பேச வாயெடுத்தபோது, “பேசாதீங்க சார், பயப்படுது,” என்றார். கறி கேட்ட மனுஷன்! இருபதடி தள்ளி வெயிலில் குந்தினோம். ஒவ்வொரு விரலாக விட்டது. தலை தூக்கிப் பார்த்துவிட்டு, கரையான் புற்றுப் பக்கம் நடந்து போனது. ஓடக்கூட இல்லை.

பிறகுதான் கிணறு மூடப்பட்டது.

பார்க்கப் போகிறவர்கள் காலை எட்டிலிருந்து பதினொன்றுக்குள் போங்கள். வெயில் காயப் புற்றிலிருந்தும் மரப்பொந்திலிருந்தும் வெளியே வரும். துரத்தாதீர்கள். பிடிப்பது சட்டப்படி குற்றம், ஜெயில் உண்டு. உங்கள் கொல்லையில் வறண்ட கிணறு இருந்தால் ஒரு பழைய சாக்கை உள்ளே தொங்கவிட்டு வையுங்கள். உடும்பு ஏறி வந்த அந்தச் சாக்கைச் செல்வி இன்னும் வீட்டுக்கு எடுத்துப் போகவில்லை. புற்றடியிலேயே விரித்து, மேலே தினம் ஒரு முட்டை வைக்கிறாள். காலையில் முட்டை இருப்பதில்லை.

“நாய் தின்னுட்டுப் போவுது,” என்கிறார் மாப்பிள்ளை. அவருக்குக் கண்ணில் கோளாறு என்று முன்பே சொன்னேன்.